மருந்தில்லாத மூன்று மாதம்

பூரணிக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்த வருஷம், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் இரத்தம் சோதிக்கும் கிளினிக் வைத்தார்கள். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று கோயில் ஒலிபெருக்கியில் முதல்நாளே சொல்லிவிட்டார்கள். பூரணிக்குப் போகும் எண்ணமே இல்லை. உடம்பில் ஒரு நோவும் இல்லாதவள் எதற்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டும்? பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துக் கொடுக்கவேண்டிய வெள்ளைச் சட்டைத்துணி மெஷினுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரம் குவிந்து கிடந்தது. மகள் தனுஷிகாதான் விடவில்லை. அவள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் பழகியவள், அம்மாவையும் அப்படியே இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாள்.

பூரணியும் ஒரு காலத்தில் கொழுந்து பறித்தவள்தான். தனுஷிகா பிறந்த பிறகு மலைவேலையை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை. மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் தேயிலை மடிப்பு மடிப்பாக இறங்கிப்போய்க் கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரையில் முடியும். அந்த ஜன்னலோரத்திலேயே காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், பத்து மணிக்கு மீன் வைத்த மாலுபணிஸ், நாலு மணிக்குப் பால்மா டீயோடு பொரித்த ரோல்ஸ். கணவன் கோகுலராஜ் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தான். மாதத்தில் ஒருதரம் வரும்போது கேக் பெட்டி இல்லாமல் வரமாட்டான். இப்படியே இருபது வருஷம் மெஷின் சத்தத்தில் ஓடிப்போயிருந்தது.

அடுத்த வாரம் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். டாக்டர் இளம்வயதுச் சிங்களப் பெண். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பொறுமையாகப் பேசினாள். சீனி இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரோல் மட்டும் ஏறியிருக்கிறது என்றாள். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லையே என்று பூரணி சொன்னதற்கு, அது வலிக்காது, அதனால்தான் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றாள். இரத்தத்தில் கொழுப்பு கூடி, குழாயின் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும், வருஷக்கணக்கில். இப்போதே மாத்திரை தரப்போவதில்லை. மூன்று மாதம் சாப்பாட்டை மாற்று, தினமும் நட, அப்புறம் திரும்பவும் சோதிப்போம், இறங்காவிட்டால் மாத்திரையைப் பற்றிப் பேசலாம். யாராவது பொடி, லேகியம் என்று விற்றால் வாங்கிச் சாப்பிடாதே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டாள்: குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே நெஞ்சு வருத்தம் வந்ததா?

"அப்பாவுக்கு," என்றாள் பூரணி. "மலையில நின்னுக்கிட்டிருந்தவரு அப்படியே உக்காந்தாரு. அம்பத்திமூணு வயசுதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அடுத்த ஆளாகக் கதவருகே நின்றது ஜீவராஜ். பூரணியின் கூடப்பிறந்த தம்பி. கீழ் லயத்தில் இருப்பவன், த்ரீவீலர் ஓட்டுபவன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி விலகினார்கள். ஏழெட்டு வருஷமாக அப்படித்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும் சாக்கில் பூரணி கொஞ்சம் தாமதித்தாள். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் அதே கேள்வியைக் கேட்பது காதில் விழுந்தது. தம்பியின் குரல் அதே பதிலைச் சொன்னது.

"அப்பாவுக்கு. நெஞ்சுவலி."

அப்பா ஆண்டியப்பனின் சாவை அவர்கள் இருவரும் சேர்ந்து பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. அன்றைக்குத்தான், ஒரு சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, அதை ஒரே மாதிரி சொன்னார்கள். பூரணி வீட்டுக்கு நடந்துபோகும்போது அவளுக்குக் கொலஸ்ட்ரோல் ஞாபகத்தில் இல்லை.

பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் இவர்களே இல்லை. பிரதேச சபைத் தேர்தல் ஒன்றில் கோகுலராஜ் ஒரு தொழிற்சங்கத்துக்காரருக்கு வேலை செய்தான். ஜீவராஜ் மற்றச் சங்கத்துக்காரரின் படத்தைத் தன் த்ரீவீலரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தான். மச்சானும் மச்சானும் சந்தியில் வைத்துப் பேசிய பேச்சு முற்றி, சட்டைக் காலரில் கைவைக்கும் வரை போய்விட்டது. பூரணி புருஷன் பக்கம் நின்றாள். ஜீவராஜின் மனைவி நாகலெட்சுமி அவள் புருஷன் பக்கம் நின்றாள். அந்த இரண்டு தலைவர்களும் அடுத்த தேர்தலிலேயே ஒரே மேடையில் ஏறிக் கைகோத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் வீடுகளுக்குள்தான் யாரும் முதலில் மேடையேறவில்லை.

மார்கழிக் குளிர் இறங்கியது. அந்த மாதத்தில் விடிகாலை அடுப்படிக்குப் போனால் போத்தலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும். அடுப்போரம் கொஞ்சநேரம் வைத்தால்தான் இளகும். வழக்கமாகக் கண்ணில் படாத அந்தக் காட்சியை இந்த வருஷம் பூரணி கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். தன் உடம்புக்குள்ளும் இப்படி ஏதோ சத்தமில்லாமல் உறைந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. பயம் என்று சொல்லமுடியாது. தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து சமையல் மாறியது. கோதுமை மா ரொட்டி போய்க் கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டி வந்தது. முதல் ரொட்டி தகரத்தைக் கடிக்கிற மாதிரி இருந்தது. துருவிய கரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்த பிறகுதான் வாய்க்கு இறங்கியது. வெள்ளைச்சோறு சிவப்பரிசிச் சோறானது. கறிக்குத் தேங்காய்ப்பால் முதல்பால், இரண்டாம்பால் என்று பிழிந்தவள், புளியும் மிளகும் பூண்டுமாகப் பால் இல்லாமல் ஆக்கிப் பார்த்தாள். கௌப்பிப் பயறும் கடலையும் அவித்தாள், பொரிக்கவில்லை. பருப்பில் முருங்கைக்கீரை போட்டாள். கருவாட்டைப் பொரிப்பதற்குப் பதிலாகச் சாளை மீன் வாங்கிப் புளிக்குழம்பு வைத்தாள். பால்மா டீ வெறுந்தேநீர் ஆனது. ரோல்ஸை விடத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. நாலு மணி ஆனால் கை தானாகவே தட்டைத் தேடும். கோகுலராஜ் போனில் கேலி செய்தான். மாதக் கடைசியில் வந்தவன் கேக்குக்குப் பதிலாக ஓட்ஸ் பெட்டியோடு வந்து, அதை மேசை நடுவில் வைத்தான்.

சாப்பாட்டை மாற்றியதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நடப்பதுதான் வேறு உலகமாக இருந்தது.

காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னால், வெளிச்சம் வெளிச்சமாகாத நேரத்தில், கம்பளி ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாகப் பூரணி கிளம்புவாள். லயத்திலிருந்து கோயில் வரை கல்பாதை. அங்கிருந்து நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் தார்ப்பாதை பஸ் சந்தி வரை வளைந்து வளைந்து போகும். மார்கழியில் அந்தப் பாதை பாதையாகவே இருக்காது. தண்ணீரிலிருந்து எழும்பும் பனி மேலே ஏறிவந்து தேயிலையை மூடி, பாதையை மூடி, கடைசியில் அவள் கால்களையே மூடிவிடும். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மிதந்து போவது போலிருக்கும். சவுக்கு மரங்கள் எதிரில் வந்து, நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விடும். கோயில் ஒலிபெருக்கியில் பஜனைப் பாட்டு எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரிக் கேட்கும்.

தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன. அணை கட்டியபோது மூழ்கிய வயல்களும் விகாரையும் கோயில்களும் அங்கே இருப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பக்கத்து வயல்வரப்பில் நடந்துபோய் மரக்கறி வாங்கி வந்தவர். பனிக்குள் நடக்கும்போது பூரணிக்குத் தான் மேலே நடக்கிறேனா, அந்த மூழ்கிய வரப்பில் நடக்கிறேனா என்று சில சமயம் குழம்பும். குழப்பம் பிடித்துமிருந்தது. மெஷினில் உட்கார்ந்திருந்த இருபது வருஷத்தில் அவளுக்கு எந்த இடத்திலும் இப்படித் தொலைந்துபோகக் கிடைத்ததில்லை.

நடக்கத் தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரு காலையில், பின்னால் இருமல் சத்தம் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. பூரணி நின்றுவிட்டாள். அது அப்பாவின் இருமல். சுருட்டுப் பிடித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வரும்போது, லயத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அந்த இருமல் வந்துவிடும். அம்மா தேத்தண்ணி கேத்தலை அடுப்பில் தூக்கி வைப்பாள். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் பனியில் அப்பா வருவது இயற்கையான காரியம் போலவே இருந்தது. அவள் மெதுவாக நடந்தாள். பின்னால் காலடியும் மெதுவாக வந்தது. பாதை ஒரு வளைவில் காற்றுப்பக்கம் திரும்பியதும் பனி கொஞ்சம் விலகியது. திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிறக் குல்லாவோடு ஜீவராஜ் வந்துகொண்டிருந்தான்.

டாக்டர் அவனுக்கும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். அவனும் அக்காவைப் பார்த்துவிட்டான். நின்று, பழுதான த்ரீவீலரைப் பார்க்கிற மாதிரிப் பாதையோரம் எதையோ பார்த்தான். பூரணி முன்னால் திரும்பி நடந்தாள்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். அவள் முன்னே, அவன் பின்னே. நடுவில் ஒரு லொறி போகுமளவு தூரம். அவன் நேரத்தை மாற்றியிருக்கலாம், அவளும் மாற்றியிருக்கலாம். இருவரும் மாற்றவில்லை. அவன் வராத நாளில் பூரணிக்குப் பாதை நீண்டுபோனது. அவள் வேகமாக நடந்தால் அவன் வேகமாக நடந்தான். சரிவில் அவள் மூச்சுவாங்கி நின்றால், பின்னால் காலடியும் நின்றது. அப்பா இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பாதையில்தான் தேர்த்திருவிழாவுக்குக் கூட்டிப்போவார். அந்தக் கைகள் இப்போதும் நடுவில் இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றும். அப்படி நினைத்ததற்காகத் தன்மேல் கொஞ்சம் கோபமும் வரும்.

பஸ் சந்தியில் சோமலதா என்ற சிங்களப் பெண்மணி காலையில் இலைக்கஞ்சி விற்றாள். வல்லாரையை அரைத்துச் சிவப்பரிசியோடு காய்ச்சிய கஞ்சி. கடித்துக்கொள்ளச் சின்னத்துண்டு கித்துள் கருப்பட்டி தருவாள், பூரணி வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். கஞ்சியின் ஆவியும் பனியும் கலந்து சோமலதாவின் முகம் எப்போதும் பாதிதான் தெரியும். ஜீவராஜ் பூரணி குடித்து முடிக்கும் வரை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு அப்புறம் வருவான். தை பிறந்தபின் ஒருநாள் கடுங்குளிர். சோமலதா அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, அங்கே நின்று ஏன் நடுங்குகிறாய், வந்து குடி என்றாள். அவன் வந்து பூரணிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். சோமலதா இரண்டு கோப்பையையும் ஒன்றாக நீட்டியபடி, தினமும் உனக்குப் பின்னாலேயே வருகிற இவர் யார் என்று பூரணியிடம் சிங்களத்தில் கேட்டாள்.

"மகே மல்லி," என்றாள் பூரணி.

என் தம்பி என்று தமிழில் சொல்லியிருக்க அவளால் முடிந்திருக்காது. அந்தச் சொல் தொண்டையில் எங்கேயோ தட்டி நின்று வெகுகாலமாகியிருந்தது. சிங்களத்தில் அது சறுக்கி வெளியே வந்துவிட்டது. சோமலதா, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். ஜீவராஜ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கஞ்சிக்குள் பார்த்தபடி நின்றான். இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. மூக்கை ஒட்டி, கண் இமையின் ஓரத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு சின்னத் தடிப்பு. அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. அதை அதிர்ஷ்ட மச்சம் என்று லயத்தில் சொல்வார்கள்.

திரும்பும்போது நடுவில் இருந்த தூரம் குறைந்திருந்தது. கோயில் கிட்ட வரும்போது அவன் பக்கத்திலேயே வந்துவிட்டான்.

"கறிக்குப் பூண்டு எப்படிக்கா போடுற?" என்றான். "லெச்சுமி போடுறது வாயெல்லாம் எரியுது."

"சுட்டுப் போடச் சொல்லு," என்றாள் பூரணி.

ஏழெட்டு வருஷத்துப் பேச்சு அவ்வளவில்தான் தொடங்கியது. மறுநாள் குரக்கன் ரொட்டியைப் பற்றி. அதற்கு அடுத்தநாள், சிகரெட்டை விட்டுவிட்டதைப் பற்றி. பயணி இல்லாத நேரத்தில் த்ரீவீலருக்குள் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டே சிகரெட் பிடித்த பழக்கம் போய், இப்போது காகிதச் சரையில் அவித்த கடலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், பயணிகள் எல்லாம் கை நீட்டி எடுத்துத் தின்றுவிடுவதாகவும் சொன்னான். தேர்தல் பேச்சு மட்டும் பல நாள் வரவில்லை. வந்தபோது, இரண்டு தலைவர்களும் மேடையில் கைகோத்த படத்தைப் பற்றி யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. இருவரும் நடுப்பாதையில் நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பனிக்குள்ளிருந்து யாரோ சிரிக்கிறார்கள் என்று கொழுந்துக்குப் போன பெண்கள் பயந்துபோனதாக அப்புறம் தனுஷிகா வந்து சொன்னாள்.

மாசியில் வெயில் வந்தது. நீர்த்தேக்கம் வற்றி, சேற்றுக்கு நடுவில் பழைய விகாரையின் சுவர்கள் தலைகாட்டின. அதைப் பார்க்க ஆட்கள் வான் பிடித்து வந்தார்கள். அண்ணாந்து பார்க்க வானமும் குனிந்து பார்க்கச் சுவரும் இருந்த அந்த நாட்களில் பூரணியின் பாவாடை இடுப்பில் நழுவத் தொடங்கியது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. தான் தைத்த சட்டையின் பக்கத்தையே பிரித்துப் பிடித்துத் தைத்தாள்.

திரும்பவும் இரத்தம் கொடுத்து, முடிவு கேட்க இருவரும் ஒன்றாகவே போனார்கள், ஜீவராஜின் த்ரீவீலரில். இந்தமுறை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலில் பூரணி உள்ளே போனாள். டாக்டர் தாளைப் பார்த்தாள், பழைய தாளையும் பார்த்தாள், சிரித்தாள். நன்றாக இறங்கியிருக்கிறது என்றாள். மாத்திரை வேண்டாம், இதையே விடாமல் செய், ஆறு மாதத்தில் திரும்ப வா. பூரணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின மாதிரி இருந்தது. வெளியே வந்து தம்பியிடம் இறங்கிவிட்டது என்று சொன்னாள். அவனும் சந்தோஷமாக உள்ளே போனான்.

போனவன் வர நேரமாயிற்று. பிறகு நர்ஸ் எட்டிப்பார்த்து அக்காவையும் உள்ளே வரச்சொன்னாள்.

டாக்டர் இந்தமுறை மெதுவாகப் பேசினாள். ஜீவராஜுக்கு ஆரம்பத்திலேயே அக்காவைவிட அதிகம் இருந்தது. கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் இறங்கவேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. அவர் ஒன்றும் குறை வைக்கவில்லை, எடை இறங்கியிருக்கிறது, சிகரெட்டை விட்டிருக்கிறார், எல்லாம் சரியாகச் செய்திருக்கிறார் என்றாள். பிறகு அவன் கண்ணோரத்து மஞ்சள் தடிப்பைக் காட்டி, இது அப்பாவுக்கும் இருந்ததா என்று கேட்டாள். பூரணி தலையாட்டினாள். சிலருக்கு இந்தக் கொழுப்பு பிறப்பிலேயே வருவது, சாப்பாட்டால் மட்டும் போகாது, இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுக்கும் ஈரலே அவருக்கு மந்தம் என்றாள் டாக்டர். அப்பா போன வயதை நினைத்தால் இனி காத்திருக்கக் கூடாது. இரவில் ஒரு மாத்திரை. நடையும் சாப்பாடும் அப்படியே இருக்கட்டும், அவை வீணாகவில்லை. அவருடைய பிள்ளைகளையும் ஒருநாள் கூட்டிவந்து சோதிக்க வேண்டும்.

ஜீவராஜ் மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். த்ரீவீலரை முடுக்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பூரணி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தான் சற்றுமுன் சந்தோஷப்பட்டது அவளுக்கு ஏதோ திருட்டுக் காரியம் மாதிரி உறுத்தியது.

"நான் இதத் திங்கப்போறதில்ல," என்றான் அவன், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "இன்னும் நாலு மாசம் நடக்குறேன். ராச்சோத்த விட்டுர்றேன். ஒனக்கு எறங்குச்சுல்ல? ஒரே வயித்துல பொறந்தவங்கதானே. எனக்கு மட்டும் ஏன் எறங்காது?"

மூன்று மாதமாக லயத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மருந்தே இல்லாமல் குறைக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். கேட்ட ஆளுக்கெல்லாம் குரக்கனும் கீரையும் சொல்லிக்கொடுத்தவள். மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்து மனதுக்குள் கொஞ்சம் பாவப்பட்டதும் உண்டு. இப்போது அந்தப் பெருமை தம்பியின் வாயிலிருந்து திரும்பி வந்தது.

"ஒரே வயித்துல பொறந்தோம்," என்றாள் கடைசியில். "நான் அம்மா மாதிரி, நீ அப்பா மாதிரி. அப்பாவும் நம்மளவிட எவ்வளவு நடந்தவரு, ஜீவா. மலை ஏறி எறங்கி ஏறி எறங்கித்தானே இருந்தாரு. நடந்து போகக்கூடியதா இருந்தா அவருக்குப் போயிருக்கும்."

அவன் ஹேண்டிலை விட்டுவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

"அவருக்குச் சொல்றதுக்கு யாரும் இல்ல. ஒனக்கு ஒருத்தி உக்காரவச்சு சொல்லிட்டா. நான் பேசாம இருந்த வருஷமெல்லாம் போச்சு. இப்பத்தான் நீ பக்கத்துல நடக்குற. நீ பாட்டுக்கு மலையில போயி உக்காந்துறாத."

ஜீவராஜ் குல்லாவை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு த்ரீவீலரை முடுக்கினான். சந்தியில் சோமலதா கைகாட்டியதற்குப் பூரணி பதிலுக்குக் கை காட்டினாள். தோட்டத்து வளைவில் இறங்கும்போது, ராத்திரி சாப்பிட்டதும் போடச் சொன்னார்களா, தூங்கப்போகும் முன்னா என்று அவன் கேட்டான். தூங்கப்போகும் முன் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் காலை நெடுநாளைக்குப் பிறகு பனி கனமாக இறங்கியிருந்தது. பூரணி கோயில் வளைவில் வழக்கமான இடத்தில் நின்றாள். அவன் வரவில்லை. பஜனை மாதம் முடிந்து ஒலிபெருக்கி அமைதியாக இருந்தது. பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. அவள் இரண்டு வளைவு தனியாக நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்போதும் இல்லை. இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சிகரெட்டை விட்டதிலிருந்து அவன் இருமுவதே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் எழுப்பப்போய் எழுப்பமுடியாமல் போனவர்களின் கதை லயத்தில் எத்தனை கேட்டிருக்கிறாள். மாத்திரையைப் போடச் சொன்னது நான்தானே என்று நினைத்தாள். கீழ் லயத்துக்குப் போகும் படியில் இறங்கினாள்.

ஏழெட்டு வருஷமாக மிதிக்காத படி. பனிக்குள் ஒவ்வொரு படியும் கால் வைத்தபிறகுதான் தெரிந்தது. தம்பியின் வீட்டு வாசலுக்கு முன்னால் த்ரீவீலர் தார்ப்பாய் போர்த்தி நின்றது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அடுப்பு வெளிச்சம்.

"ஜீவா," என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

நாகலெட்சுமி வந்து கதவை முழுதாகத் திறந்தாள். நாத்தனாரை வாசலில் பார்த்ததும் கையில் ஒட்டிய ரொட்டி மாவோடு அப்படியே நின்றாள். பிறகு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உள்ள வாங்க மதினி. தூங்குறாரு. ராத்திரி மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டாரு."

பூரணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிட்டது. ஜீவராஜ் கலைந்த தலையோடு எழுந்து வந்தான். விடிந்துவிட்டதா என்று கேட்டான். அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு, அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லாதவன் போல, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அப்பா கனவுல வந்தாருக்கா," என்றான். "நம்ம பாதையில நடக்குறாரு. நான் கூப்புடக் கூப்புட நிக்காமப் போறாரு. அப்புறம் திரும்பிப் பாத்து, நீ மெதுவா வா, அவசரமில்லங்குறாரு. அதான் நானும் மெதுவாவே வந்துக்கிட்டிருந்தேன்."

நாகலெட்சுமி வெறுந்தேநீரை மூன்று கோப்பையில் ஊற்றினாள். பூரணி தரையில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். அடுப்பில் குரக்கன் ரொட்டி வேகும் வாசனை வந்தது. மகன் ஒருவன் கம்பளிக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, அத்தை வந்திருக்காங்க என்று உள்ளே இன்னொருவனிடம் குசுகுசுத்தான். அவனையும் கிளினிக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று பூரணி நினைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி ரொட்டியைத் தட்டில் வைத்து, சம்பலில் தேங்காயைக் குறைத்து வெங்காயம் கூடப் போட்டிருக்கிறேன், பாருங்க மதினி என்றாள். பூரணி சாப்பிட்டுப் பார்த்து, உப்பு கொஞ்சம் கூட என்றாள். நாகலெட்சுமி சிரித்தாள். கோகுலராஜ் இந்தச் சனிக்கிழமை வருவான், எல்லோரும் மேலே வந்து சாப்பிடவேண்டும் என்று பூரணி சொன்னாள். ஜீவராஜ் தேநீரைக் குடித்துவிட்டு, மச்சான் கேக் கொண்டுவராமல் இருந்தால் வருகிறேன் என்றான்.

அவர்கள் நடக்கக் கிளம்பும்போது நன்றாக விடிந்துவிட்டது. பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தார்கள். பனி தண்ணீர்ப்பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் வழக்கத்தைவிட மெதுவாக, பாதையின் நடுவில், பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.